நாலாவது மேசையின் உறுதிமொழி

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது பச்சை. கடைக்குள் வேறு வெளிச்சம் இல்லை. எங்கள் தெருவுக்கு அன்று மின்சாரம் ஒன்பது மணிக்குத்தான். பின்சுவரில் மாட்டியிருந்த டிவி மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் சீராக வெட்டிய ஒரு புல்தரை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது மாலை ஏழு பத்து. அந்த வெளிச்சத்தில் நாலாவது மேசையில் ஒருவர் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, ஈச்சாகுவே என்ற பொரித்த மாவுக் குச்சியைத் தேநீரில் முக்கித் தின்றபடி, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே திட்டத் தொடங்கியிருந்தார்.

கடை பர்மாவில், க்யிம்யிண்டைங் பகுதியில், படகுத்துறைக்கு இறங்கும் சந்தில் இருக்கிறது. நடத்துபவர் பாய். அவருடைய அப்பா காலத்திலிருந்தே அது தேநீர்க்கடைதான். திட்டிக்கொண்டிருந்தவர் கப்பல்காரர். முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்தவர். ஒரு முறை எஞ்சின் பழுதாகி, அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஆறு வாரம் கப்பல் கட்டிக் கிடந்தபோது பேஸ்பால் பார்க்கக் கற்றுக்கொண்டார். அந்த ஊர் அணியையே தன் அணியாக்கிக்கொண்டார். அந்த அணி அதற்குப் பிறகு உருப்படியாக எதையும் வென்றதில்லை.

எனக்கு அவரைப் பிடிக்காது. பத்து வருடம் ஒரே மேசையில் உட்காருவதற்குப் பிடித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவன். பத்திரிகை மூடிய பிறகு காலையில் போக வேறு இடம் இல்லை. அவருக்கும் இல்லை. எங்கள் இருவருக்கும் பாயைப் பிடிக்காது. பாய்க்கு எங்களைப் பிடிக்காது. ஆனால் சந்தில் பேட்டரி வைத்திருந்த கடை அது ஒன்றுதான்.

டிவிக்கு மேலே பர்மிய எழுத்தில் ஒரு பலகை தொங்கியது: அரசியல் பேச வேண்டாம். அதற்குக் கீழே இன்னொன்று: வெற்றிலை எச்சில் துப்ப வேண்டாம். முதல் பலகையை விட இரண்டாவதைத்தான் அதிகம் பேர் மீறினார்கள்.

ஆட்டத்தைக் காட்டுவதே ஒரு சிறு குற்றம். பாய் தன் கைப்பேசியில் விபிஎன் போட்டு, அந்தப் படத்தை டிவிக்கு அனுப்புவார். தெருவில் கைப்பேசியைச் சோதிப்பவர்கள் முதலில் தேடுவது விபிஎன்னைத்தான். அதனால் ஆட்டம் முடிந்ததும் பாய் அதை அழித்துவிடுவார். மறுநாள் விடியலில் மறுபடி இறக்குவார். இதைத் தினமும் முணுமுணுத்துக்கொண்டே செய்வார். எங்களுக்காக அல்ல. ஆட்டம் மூன்று மணி நேரம் ஓடும், அதற்குள் ஆளுக்கு நாலு தேநீர் போகும்.

அன்று ஒன்பதாவது இன்னிங்ஸ். பேஸ்பாலில் அதுதான் கடைசி. கப்பல்காரரின் அணி ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தது. இரண்டு பேர் அவுட். மூன்று பேஸிலும் ஆள். ஒரு நல்ல அடி விழுந்தால் வெற்றி. பந்தை எறியும் பிட்சர் கையை உயர்த்தினான். படம் நின்றது.

கையை உயர்த்தியபடியே பிட்சர் நின்றுகொண்டிருந்தான். பாய் கைப்பேசியைத் தட்டினார், அணைத்தார், போட்டார். சந்து முழுக்க இணைப்பு போயிருந்தது. அது எங்களுக்குப் புதிதல்ல. சில வருடங்களாக அது எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை.

கப்பல்காரர் எழுந்து நின்று, பர்மியத்தில், துறைமுகத்தில் கத்திப் பழகிய குரலில் சொன்னார்: "ஒரு பந்தை முழுசாப் பார்க்க விடாத கவர்மெண்ட்டு என்னடா கவர்மெண்ட்டு! கையில துப்பாக்கிய வச்சிக்கிட்டு பேஸ்பாலுக்குப் பயப்படுறானுங்க!"

நேரம் எட்டு ஐம்பத்திரண்டு. கடையில் பதினோரு பேர் இருந்தார்கள். நான் எண்ணினேன். மூன்று பேர் தேநீரைப் பாதியில் விட்டு வெளியே போனார்கள்.

பாய் அடுப்பை விட்டு வந்தார். பேச்சு தமிழுக்கு மாறியது. எங்களுக்குள் சண்டை என்றால் தமிழ்தான். மற்ற மேசைகளுக்குப் புரியாது.

"என்னங்க கப்பக்காரரே, கடைய சீல் வைக்கணும்னே வந்தீங்களா?"

"பலகையில அரசியல் பேசாதேன்னுதான போட்டிருக்கு. நான் பேஸ்பால் பேசினேன்."

"கவர்மெண்ட்டு பேஸ்பால் ஆடுதா?"

"ஆடினாலும் நம்ம டீமை விட நல்லா ஆடும் பாய். அடிக்கிறதுல அவனுங்கள மிஞ்ச முடியாது."

பின்மேசையில் யாரோ சிரித்தார்கள். எங்கள் தமிழ் புரிந்தவர் ஒருவராவது இருந்திருக்கிறார். அந்தச் சிரிப்புதான் பாயை முடிவுக்குத் தள்ளியது.

"நாளைலேர்ந்து நீங்க இங்க வரணும்னா கான்வுன் போடணும்."

கான்வுன் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த காகிதம். இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழி. காவல் நிலையத்தில் போடுவார்கள், பள்ளிக்கூடத்தில் போடுவார்கள், குடித்துவிட்டு அடித்தவன் பெண்டாட்டியிடம் போடுவான். தேநீர்க்கடையில் போட்டு நான் பார்த்ததில்லை.

"இவரு எழுதட்டும்," என்று பாய் என்னைக் காட்டினார். "எழுத்து சுத்தமா இருக்கும்."

"எழுதுவாரு, எழுதுவாரு," என்றார் கப்பல்காரர். "பேப்பர்காரரு சொந்தமா ஒரு வரி எழுதினதில்லை. அடுத்தவன் எழுதினதை வெட்டியே சம்பளம் வாங்கினவரு. வாய் மூடச் சொல்லி எழுதணும்னா இவரை விட்டா ஆள் ஏது?"

அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பக்கங்களை அச்சுக்கு முன்பே தணிக்கை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சிவப்பு மையோடு திரும்பி வரும். வெட்டிய இடத்தில் வெற்றிடம் தெரியக் கூடாது. அங்கே முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரமோ வயிற்றுக் கோளாறுக்கு ஒரு குறிப்போ வைத்து மூட வேண்டும். அது என் வேலை. பக்கங்களோடு ஒரு கடிதமும் வரும். அதில் எந்த வாக்கியம் ஆட்சேபத்துக்குரியதோ அந்த வாக்கியத்தை ஒரு எழுத்துக் குறையாமல் முழுதாக எழுதி, பக்கமும் வரியும் குறித்திருப்பார்கள். எங்கள் ஆசிரியர் சொல்வார், நம் பத்திரிகையின் நல்ல வாக்கியங்களெல்லாம் அவர்களுடைய கோப்பில்தான் பத்திரமாக இருக்கின்றன என்று.

கப்பல்காரர் மேல் இருந்த எரிச்சலில் நான் அந்தக் கான்வுனை மிகுந்த கவனத்தோடு எழுதினேன். பாயின் கணக்குப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள். பர்மியத்தில் எழுதினேன். தேதி, நேரம், மேசை. பிறகு மேற்கோள் குறிக்குள், அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களும், துப்பாக்கி உட்பட. பிறகு, மேற்கண்டவாறு கூறியதற்கு வருந்துகிறேன், இனி இக்கடையில் ஆட்டம் நடக்கும்போது வாய் திறக்க மாட்டேன். கடிதம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் கைக்குப் பழகியிருந்தது.

கப்பல்காரர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். பாய் படித்தார். நன்றாக இருக்கிறது என்றார். மற்றவர்களுக்கும் புத்தி வரட்டும் என்று, கல்லாமேசையின் கண்ணாடிக்கு அடியில், கடை உரிமத்தின் நகலுக்கும் தொழுகை நேர அட்டைக்கும் நடுவில் வைத்தார்.

அன்று நாங்கள் மூவரும் பார்க்கத் தவறிய ஒன்று உண்டு. கப்பல்காரரின் மகள் பினாங்கில் இருந்தாள். ஆவணி மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். அவர் போக வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வார்டு அலுவலகத்தின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். இந்த ஆள் ஒழுங்கானவர், எந்த வம்பிலும் இல்லாதவர் என்று அந்தக் கடிதம் சொல்லும். அவருடைய மனு அங்கே மேசையில் இருந்தது. இதை அவர் எங்களிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் அவர் வாய் திறக்கவில்லை. அவருடைய அணி வரிசையாகத் தோற்றது. பிட்சரை மாற்றாமல் மேனேஜர் வேடிக்கை பார்த்தபோதெல்லாம் கப்பல்காரர் தேநீர்க் கரண்டியைக் கையில் பிடித்து வளைத்தார். பாய் கரண்டிகளை எண்ணி வைக்கத் தொடங்கினார். நான் இதை ரசித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பத்து வருடத்தில் முதல் முறையாக அமைதியாக ஆட்டம் பார்த்தேன்.

நாலாவது வாரம், ஏழரை மணிக்கு, வார்டு அலுவலக எழுத்தர் தேநீர் வாங்க வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. தேநீர் தயாராகும்வரை கல்லாமேசை மேல் சாய்ந்து, கீழே என்ன இருக்கிறது என்று படித்தார். எங்கே காகிதத்தைக் கண்டாலும் படிப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான். முதலில் தொழுகை நேரம். பிறகு கான்வுன். அதை இரண்டு முறை படித்தார்.

"இத வெளிய எடு," என்று பாயிடம் சொன்னார்.

பாய் கண்ணாடியைத் தூக்கினார். தாளை உருவிக் கொடுத்தார். எழுத்தர் தாளோடு எங்கள் மேசைக்கு வந்தார். கப்பல்காரரை மரியாதையாக, மாமா என்ற பொருளில், "ஊலே" என்றே கூப்பிட்டார்.

"ஊலே, இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே?"

"ஆமா."

"எழுதினது யாரு? எழுத்து வேற மாதிரி இருக்கு. படிச்ச கை."

டிவியில் ஆறாவது இன்னிங்ஸ். நான் என் கோப்பையின் அடியில் ஒட்டியிருந்த பாலாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகவே டிவியைப் பார்த்தார். பத்திரிகையில் இருந்தவன் என்றால் அவன் பேரில் அரசிடம் பழைய கோப்பு ஒன்று எங்கேயாவது இருக்கும். அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"நான்தான் எழுதினேன்," என்றார் கப்பல்காரர். "கப்பல்ல லாக் புக்கு எழுதின கை. ஏன், மாலுமிக்கு எழுத வராதா?"

எழுத்தர் தாளை நாலாக மடித்து, பேனாக்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் போனதும் பாய் என் பக்கம் திரும்பினார். "ஏன்யா, திட்டினேன், வருந்துறேன்னு எழுதினா போதாதா? அவரு சொன்னத அப்படியேவா எழுதணும்?"

"நீங்க படிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"நான் டீக்கடைக்காரன்யா. நீ பேப்பர்ல இருந்தவன்."

"எல்லாரும் பாக்குற மாதிரி கண்ணாடிக்கு அடியில வச்சது நானா?"

கப்பல்காரர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றார். "ஆட்டம் நடக்குது."

சிபாரிசுக் கடிதம் கேட்டு அவர் வார்டு அலுவலகத்துக்கு ஐந்து முறை போனார். ஒவ்வொரு முறையும் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். லூஜி, அதாவது வார்டுத் தலைவர், வெளியே போயிருக்கிறார் என்றார்கள். அடுத்த வாரம் என்றார்கள். மறுப்பு என்று யாரும் சொல்லவில்லை. மறுப்பதற்கும் காகிதம் வேண்டும். ஐந்தாவது முறை திரும்பி வந்து, என் எதிரில் உட்காராமல், ஆறாவது மேசைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நானும் எதையும் தொடங்கவில்லை.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பினாங்கில் முகூர்த்தம் ஏழு மணிக்கு மேல். அங்கே ஏழு பத்து என்றால் எங்களுக்கு ஐந்து நாற்பது. அன்று ஆட்டமும் அதே நேரம்தான். நான் வந்தபோது டிவியில் பச்சை இல்லை. பாய் கைப்பேசியைக் கல்யாண மண்டபத்தோடு இணைத்திருந்தார். "இன்னைக்கு பேஸ்பால் கிடையாது. பிடிக்கலன்னா வெளிய போகலாம்," என்று கடைக்குப் பொதுவாகச் சொன்னார். அன்பாகச் சொல்லவில்லை. யாரும் போகவில்லை.

கப்பல்காரர் ஆறாவது மேசையில் புதுச் சட்டையும் கறுப்பு லுங்கியுமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய மச்சான் அப்பா இடத்தில் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தார். மகள் ஒரு முறை, மண்டபத்தில் படம்பிடித்த கைப்பேசி இருந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். ஐயர் தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பினார். ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள். தட்டு திரும்பி மணமேடைக்கு வந்தது. மாப்பிள்ளை இரண்டு கையாலும் தாலியை எடுத்தான்.

படம் நின்றது.

பாய் கைப்பேசியைத் தட்டினார், அணைத்தார், போட்டார். எல்லோரும் ஆறாவது மேசையைப் பார்த்தோம். கப்பல்காரர் மேசை மேல் இரண்டு கையையும் வைத்து, நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை.

இணைப்பு திரும்பி வர இருபத்தாறு நிமிடம் ஆனது.