ஏழாவது மாடிக்கு மேலே ஓர் இடம்

என் அக்கா பொறாமைக்காரி. இதை நான் புறம் பேசவில்லை. அவள் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். "ஆமாடி, வயிறு எரியுது. எரியற வயித்தை வெச்சுக்கிட்டு சிரிக்கவா சொல்றே?" என்பாள். அந்த ஒரு நேர்மைக்காகத்தான் இத்தனை வருஷமாக அவளோடு ஒரே கடையில் உட்கார்ந்து தைக்கிறேன்.

எங்கள் கடையில் சட்டை, பாவாடை எல்லாம் கிடையாது. திரைச்சீலை மட்டும்தான். அக்கா வீடு வீடாகப் போய் அளவெடுத்து வந்து வெட்டுவாள். நான் மடிப்பு வைத்துத் தைப்பேன். எந்த வீட்டுக்குப் போனாலும் மனிதர்களின் முகத்துக்கு முன்னால் அவள் கண் ஜன்னலுக்குத்தான் போகும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில், மூக்கைச் சிந்திக்கொண்டே, "கம்பி நடுவுல தொங்குது பாரு" என்று என் காதில் சொன்னவள் அவள்.

அவளுடைய பொறாமைக்கு ஒரே விலாசம்தான். கொழுந்தனாரின் மனைவி. வங்கியில் வேலை பார்ப்பதால் எங்கள் கடைக்குள் அவளுக்கு 'பேங்க்காரி' என்று பெயர். வயதில் அக்காவுக்குச் சின்னவள். குடும்பத்துக்கும் பின்னால் வந்தவள். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். போன வருஷம் மாமியாரின் எழுபதாவது பிறந்தநாளை ஒரு பெரிய ஹோட்டலில் வைத்தாள். ஏழாவது மாடி. நாலு பக்கமும் கண்ணாடி.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், அவள் மாமியார். அக்கா வீட்டில்தான் இருக்கிறார். நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தைக்கு ஒரே கதைதான். "ஏழாவது மாடி! சுத்திலும் கண்ணாடி! ஊரே காலுக்குக் கீழ தெரிஞ்சுதுன்னா பாத்துக்கோயேன்!" கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம்கூடச் சொன்னார். பக்கத்து அறையில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு துணியை வெட்டுவாள். அப்படி வெட்டிய துணியெல்லாம் கோணலாக வந்து, கடைசியில் என் தலையில் விடியும்.

இந்த வருஷம் அத்தைக்கும் மாமாவுக்கும் கல்யாணமாகி ஐம்பது வருஷம். பேங்க்காரி வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "இது எங்க முறை." அவள் வீட்டு ஹாலில் தையல் மெஷின் போக ஆறு பேர் உட்காரலாம், ஏழாவது ஆள் மெஷின் மேல்தான் உட்கார வேண்டும். வருகிறவர்களோ அறுபது பேர். வெளியேதான் இடம் பார்க்க வேண்டும்.

"இது எங்கம்மாவுக்கு விருந்தா, உன் ஓரகத்திக்குப் பதிலடியா?" என்று கேட்டார் அத்தான். அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். பேச்சிலும் திடீரென்று பிரேக் போடுவார்.

"ரெண்டும்தான். உங்களுக்கு என்ன நஷ்டம்?"

இடம் பார்க்கும் வேட்டைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். முதலில் ஏரிக்கரையில் ஒரு விருந்தினர் விடுதி. புல்வெளி, மர நிழல், தண்ணீரிலிருந்து காற்று. எனக்கு அங்கேயே குடியிருந்துவிடலாம் போலிருந்தது. அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு, "தரையா?" என்றாள். தரைதான் என்றார்கள். கிளம்பிவிட்டாள். அடுத்தது ஒரு கிளப். மூன்றாவது மாடி. வாசலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டதால் உள்ளேகூடப் போகவில்லை. எத்தனை பேர் உட்காரலாம், சாப்பாடு எப்படி, கார் எங்கே நிறுத்துவது, ஒரு கேள்வி கிடையாது. "எத்தனையாவது மாடி?" இது ஒன்றுதான்.

எனக்குக் கால் வலியும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. "நம்ம நாடகக்காரங்க ஒத்திகை அறை இருக்கே, அதைக் கேட்டா என்ன? நல்லா பெருசு. கேட்டா சந்தோஷமா குடுப்பாங்க" என்றேன். அந்த அறைக்குத் திரைச்சீலை தைத்தது நாங்கள்தான். பேசினால் சத்தம் சுவரில் மோதித் திரும்பக்கூடாது என்று அவர்கள் கேட்டதால், நாலு சுவரிலும் மேலிருந்து தரைவரை, உள்துணி வைத்து, இரட்டை கனத்தில் தைத்துத் தொங்கவிட்டிருந்தோம். அக்கா வெட்டியதிலேயே நல்ல வேலை அதுதான்.

"டயர் கடைக்கு மேல, முதல் மாடி. ஜன்னல்கூடத் தெரியாது. அங்க வந்து பேங்க்காரி மூக்கைப் பொத்தணும், அதை நான் பாக்கணும். அதானே உன் ஆசை?" என்று என் மேல் பாய்ந்தாள். ஆயுசெல்லாம் ஜன்னலுக்குத் துணி போட்டவள், பொட்டுத் துணி இல்லாத இடத்தைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தாள்.

கடைசியில் கிடைத்தது. புதிதாகக் கட்டிய ஹோட்டல். கழுத்துப்பட்டி கட்டிய மேலாளர், "பதினொண்ணாவது மாடி மேடம்" என்றதும் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! லிஃப்டில் ஏறும்போது ஏழு என்ற எண் எரிந்து அணைந்தது. அதை ஓர் அற்பப் பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அத்தோடு விட்டிருந்தால் கதை வேறு. மறுநாளே அத்தையைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்றாள். விருந்து வரைக்கும் பொறுக்க முடியாது, அத்தையின் வாய் பிளப்பதை உடனே பார்த்தாக வேண்டும். கூட்டிவந்தோம். அத்தையின் வாயும் பிளந்தது. "யம்மா! பதினொண்ணா!"

அன்று அந்தக் கூடத்தில் வேறு யாருக்கோ மேஜைகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர். ஒரு நாற்காலியை இழுத்தால் பத்து நாற்காலி இழுத்த சத்தம் வந்தது.

"அத்தை, கேக் எந்த மாதிரி சொல்லட்டும்?" என்று கேட்டாள் அக்கா.

"ஆமாமா, ரொம்ப அழகா இருக்கு" என்றார் அத்தை.

"மாமாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு?"

"ரொம்ப சந்தோஷம்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். அதற்குள் அத்தை, காது கேட்பதற்காக மாட்டியிருந்த மெஷினைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அதே சிரிப்போடு கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டார். கூடத்துக்கு வெளியே, கம்பளம் விரித்த நடைபாதைக்கு அழைத்து வந்து உட்காரவைத்தோம். மெஷினை மறுபடி மாட்டிவிட்டு அக்கா கேட்டாள்.

"ஏன் அத்தை கழட்டிட்டீங்க?"

"அங்க ஒரே கொய்யுனு சத்தம்மா. எல்லாம் ஒண்ணா மண்டைக்குள்ள வருது. எது பேச்சு, எது நாற்காலின்னு தெரியலை."

"அப்போ போன வருஷம்?"

"அன்னைக்கும் கழட்டி வெச்சுட்டேன். கேக்கலைன்னு சொன்னா எல்லாரும் கத்துவாங்க. அவங்க கத்தினா மெஷின் அதுக்கு மேல கத்தும். சிரிச்சுட்டா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்றார் அத்தை. பிறகு, "பிள்ளைங்க என்னென்னவோ பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு அப்புறம் கேக்க வெக்கமா இருந்துச்சு. கண்ணாடி மட்டும் நல்லா தெரிஞ்சுது" என்றார்.

அக்கா என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போனாள். முகம் முழுக்கப் பல். "அடியே, கேட்டியா? ஏழாவது மாடியில ஒரு வார்த்தைகூட அவங்க காதுல விழலை! வெறும் கண்ணாடியைத்தான் ஒரு வருஷமா புகழ்ந்துக்கிட்டிருக்காங்க!" பேங்க்காரி அவ்வளவு செய்தும் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆனந்தம். ஒளித்துக்கொள்ளவும் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. "சந்தோஷம்தானே? அப்போ இதையே எடுத்துக்கோ. பதினொண்ணு. இன்னும் ஒரு வருஷத்துக்கு இந்தக் கண்ணாடியைப் புகழ்வாங்க. நீ கேட்டது அதுதானே?"

நிஜமாகவே அவள் கேட்டது அதுதான். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. மேலாளர் சாவியும் கையுமாக நின்றார். அக்கா கண்ணாடியைப் பார்த்தாள். நடைபாதையில் தனியாக உட்கார்ந்து யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தாள். பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

"வாயை மூடுடி" என்றாள் என்னிடம். மேலாளரிடம், "இங்க திரைச்சீலை போடுவீங்களா?" என்று கேட்டாள். அவர் பதறி, "கண்ணாடிக்காகத்தான் மேடம் எல்லாரும் வர்றாங்க" என்றார். லிஃப்டில் இறங்கும்போது அவள் எந்த எண்ணையும் பார்க்கவில்லை.

விருந்து டயர் கடைக்கு மேலேதான் நடந்தது. பேங்க்காரி படியேறி வந்து, கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொண்டு, "ரப்பர் வாசனை கொஞ்சம் தூக்கலா இருக்குல்லக்கா?" என்றாள். அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் அறைக்குள் அறுபது பேர் இருந்தும் இரைச்சல் இல்லை. நாலு சுவரிலும் எங்கள் துணி கனமாகத் தொங்கி, சத்தத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். அத்தை சிரிக்கவில்லை. பதில் சொன்னார்! அத்தான் சின்ன வயதுக் கதை ஒன்றைச் சொன்னபோது, "டேய், அந்தத் தட்டை உடைச்சது நீதாண்டா, உன் தம்பி இல்லை" என்று குறுக்கே விழுந்தார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா அத்தையின் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ சொன்னார். எழுபதைத் தாண்டிய வயதில் அத்தைக்கு வெட்கம் வந்தது.

பிறகு பேங்க்காரி எழுந்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே எங்கம்மா போயிட்டாங்க. நாம எல்லாரும் ஒண்ணா இருந்தப்போ, வேலையிலிருந்து எவ்வளவு லேட்டா வந்தாலும், 'சாப்ட்டியா'ன்னு அத்தை ஒரு வார்த்தை கேப்பாங்க. அதைக் கேக்க ஓர் ஆள் இருக்குன்னுதான் நான் வீட்டுக்கு வேகமா வருவேன்" என்றாள்.

"நீ எங்கடி சாப்ட்டே? ஆமாம்னு பொய்தானே சொல்லுவே!" என்றார் அத்தை. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

கேக் வெட்டும்போது பேங்க்காரி அக்காவின் பக்கத்தில் வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "போன வருஷமும் இதையேதான் பேசினேன்கா. சிரிச்சாங்க, அவ்வளவுதான். கண்ணாடியைப் பத்தி மட்டும் ஊரெல்லாம் சொன்னாங்க. என்னைப் பிடிக்கலைபோலன்னு நெனச்சுட்டேன்."

அக்கா சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அன்னைக்கு அவங்களுக்குக் கேக்கலை. அந்தக் கண்ணாடியில சத்தம் மோதி மெஷினுக்குள்ள போயிடுது. பிடிக்காம இல்லை" என்றாள். விஷம் குடிப்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். ஆனால் சொன்னாள்.

மறுநாள் முதல் வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தைக்குப் புதுக் கதை. "என் சின்ன மருமக என்னமா பேசினா தெரியுமா! 'சாப்ட்டியான்னு கேக்க ஓர் ஆள்'னு..." ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். டயர் கடை அறையைப் பற்றிப் பேச்சே இல்லை. அக்கா கடைக்கு வந்து கத்தரிக்கோலை மேஜைமேல் எறிந்தாள். "என் துணியைத் தொங்கவிட்டு, அவ பேச்சைக் கேக்க வெச்சிருக்கேன். ஆனை தன் தலையில தானே மண்ணைப் போட்டுக்கிட்ட கதைதான்." நான் சிரித்தேன். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை.

அத்தை கடைக்கே வந்தது அதற்குப் பிறகுதான். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"அந்த அறையில தொங்கவிட்டிருந்தியே, அந்த மாதிரி என் ரூமுக்கும் போட்டுக் குடும்மா. அங்கதான் உங்க மாமா பேசறது எனக்கு சரியா கேட்டுச்சு. வீட்டுல பாதிக்கு மேல நானா ஊகிச்சுக்கறேன்" என்றார்.

அக்கா தலையை ஆட்டினாள்.

"சின்னவ வீட்டு ஹாலுக்கும் தெச்சுடு. அங்க போனாலும் எனக்குக் கேக்கணுமில்ல?"

அத்தை போனபிறகு அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள். பேங்க்காரி வீட்டுக்கு நானும் கூடப் போனேன். ஒரு விரற்கடை குறைத்து வெட்டுவாளோ என்று எனக்குச் சந்தேகம். வெட்டவில்லை. இருப்பதிலேயே கனமான துணியை எடுத்து, உள்துணியும் வைத்து, தரையைத் தொடும்படி வெட்டினாள். நூல் பிசகவில்லை.

அளவெடுக்கும்போது மட்டும், ஏணியின் உச்சியிலிருந்து என் பக்கம் குனிந்து, "இவ வீட்டு ஜன்னல் எவ்வளவு பெருசு பாத்தியா?" என்றாள்.