மொட்டைக்கு லீவு

லீவு கொடுக்கிற வேலை என்பது பொய் கேட்கிற வேலை. லீவு வேண்டி ஒரு மேஜைக்கு முன்னால் எப்போதாவது தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருந்தால் உங்களுக்கே இது தெரியும். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் இந்தப் பக்கத்து ஆள். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கான அட்டையை அச்சடித்து, வெட்டி, ஒட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில், டைம் ஆபீஸ் என்ற புறாக்கூண்டுக்குள் இருக்கிறேன். யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்பதுதான் என் பிழைப்பு. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் நான் லீவக்கா.

தொட்டுப் பாருங்க

எங்கள் ஊர்ப் பக்கம் திருவிழாவுக்கு யாரும் திருவிழா என்று சொல்லி லீவு கேட்பதில்லை. அன்றைக்கு எல்லாருக்கும் லீவு வேண்டும், எல்லாருக்கும் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே காய்ச்சல். விருதுநகர் அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கல் வந்தால் ஒட்டு செக்‌ஷன் முழுவதும் ஒரே காய்ச்சலாகக் கிடக்கும்.

ஒரு வருஷம் நானும் விருதுநகருக்குப் பொங்கல் பார்க்கப் போயிருந்தேன். (நான் என்ன சொல்லி லீவு போட்டேன் என்று கேட்காதீர்கள்.) கூட்டத்துக்கு நடுவில், மஞ்சள் சேலையில், கையில் அக்னிச்சட்டி திகுதிகுவென்று எரிய, எங்கள் செல்லத்தாய் வந்துகொண்டிருந்தாள். ஒட்டு செக்‌ஷனில் கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும் பெண்பிள்ளை அவள். முதல் நாள்தான் என் முன்னால் போர்த்திக்கொண்டு நின்று, அனலாகக் கொதிக்கிறது என்று முனகிவிட்டுப் போயிருந்தாள். நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். நான் புருவத்தைத் தூக்கினேன். அவள் கொஞ்சமும் அசராமல் சட்டியை என் பக்கம் நீட்டினாள்.

"காய்ச்சல்னுதானக்கா சொன்னேன். வேணும்னா தொட்டுப் பாருங்க, எம்புட்டுச் சூடுன்னு."

பெஞ்சில் உட்கார்ந்த முதலாளி

எங்கள் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார், கோபம் தீர்ந்ததும் அதைத் தேடுவார். அவர் மனைவிக்கு மதுரையில் இருதய ஆபரேஷன் நடந்தது. அந்த அம்மாள் தேறி வீட்டுக்கு வரும்வரை ஆஸ்பத்திரி பெஞ்சைவிட்டு அவர் நகரவில்லை. அதே பெஞ்சில் காரியாபட்டிக்காரர் ஒருவர், தம்பியை உள்ளே படுக்க வைத்துவிட்டு உட்காருவதும், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுமாக இருந்திருக்கிறார். டாக்டர் வெளியே வந்து அந்தத் தம்பியின் ஆட்களைக் கூப்பிட்டபோது பெஞ்சில் அண்ணாச்சி மட்டும்தான் இருந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டு மனதில் வைத்திருந்து, அந்த மனிதர் திரும்பி வந்ததும் இவர் ஒப்பித்திருக்கிறார்.

ஊருக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் கம்பெனியில் யாராவது தனக்கோ வீட்டில் உள்ளவருக்கோ பெரிய வியாதி என்று வந்தால் அவருக்கு லீவு உண்டு, சம்பளமும் உண்டு என்றார். சீசனில் இப்படிச் சொன்னால் கம்பெனியே படுத்துவிடுமே என்று நான் இழுத்தேன். கண்ணாடியைக் கழற்றினார். "நான் அங்கன உக்காந்திருந்தேன்மா. எனக்கு யாருகிட்டயும் லீவு கேக்க வேண்டியதில்ல. அந்தாளுக்கும் எனக்கும் அம்புட்டுத்தான் வித்தியாசம்" என்றார்.

போர்டில் எழுதிப் போட்டேன். வாயாலும் சொன்னேன். வரிசையாக வந்து நிற்கப் போகிறார்கள் என்று நான் பயந்ததுதான் மிச்சம், ஒரு ஆள் வரவில்லை. வேலைக்கு வராதவனுக்குச் சம்பளம் போட்டால் அது கணக்கு முடித்து அனுப்புகிற சம்பளம் என்று செக்‌ஷனுக்குள் ஒரு பேச்சு. அப்படியெல்லாம் இல்லை என்று செல்லத்தாயிடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். அவள் ஒட்டிக்கொண்டிருந்த பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேலை பாக்காம சம்பளம் வாங்குறது முதலாளி வீட்டு மாப்பிள்ளை மட்டும்தானக்கா. நமக்கு எதுக்கு அந்த அந்தஸ்து?"

முடி முளைக்கிற வேகம்

திருவிழாவுக்குக் காய்ச்சல் என்கிற அதே ஜனங்கள், நிஜமாகவே வீட்டில் பெரிய வியாதி வந்தால் என்ன சொல்வார்கள் தெரியுமா? மொட்டை. "நேர்த்திக்கடன் இருக்கு, மொட்டை போடணும்." சாமி காரியத்துக்கு எந்த முதலாளியும் இல்லை என்று சொல்ல மாட்டார். வியாதியின் பெயரைச் சொன்னால் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. இந்த வழக்கம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் காளிராஜ்.

காளிராஜ் ஆமத்தூர்க்காரர். பஞ்சிங் மிஷின் ஓட்டுகிறவர். அச்சடித்த அட்டையை, டை என்கிற வெட்டு அச்சால் அமுக்கி, பெட்டி வடிவத்துக்கு வெட்டும் மிஷின் அது. அவர் கையில் ஒரு அட்டை வீணாகாது, வாயில் ஒரு வார்த்தை வீணாகாது. தீபாவளி லோடு போய்க்கொண்டிருந்த நேரத்தில் வந்து, இருக்கன்குடியில் மகளுக்கு மொட்டை என்றார். கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் வந்தார். மறுபடியும் மொட்டை, அதே கோயில், அதே மகள். கொடுத்தேன். அடுத்த முறை வந்து வாயைத் திறப்பதற்குள் நானே கேட்டுவிட்டேன், பிள்ளைக்கு முடி என்ன கீரை மாதிரியா முளைக்கிறது என்று. அவர் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே யோசித்துவிட்டுச் சொன்னார்.

"போன ரெண்டு தடவையும் ஒரு கொத்து பூ முடிதான் எடுத்தோம்க்கா. இதுதான் முழு மொட்டை."

பிரசாதப் பை

மொட்டை போட்டு வந்தால் கம்பெனிக்குப் பிரசாதம் கொண்டுவர வேண்டும். இது சட்டத்தைவிடப் பெரிய சட்டம். எத்தனை மொட்டை போட்டும் ஒரு பொரியைக்கூடக் கண்ணில் காட்டவில்லையே என்று செல்லத்தாய் செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி பாடிவிட்டாள். பாவம் மனுஷன், அடுத்த முறை பொரிகடலையும் வாழைப்பழமும் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். நான் பொரியை அள்ளப் போனபோதுதான் பையைப் பார்த்தேன். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வாசல் மருந்துக் கடையின் பெயர் பச்சை எழுத்தில் இருந்தது.

இருக்கன்குடி அம்மன் எப்போதிலிருந்து மருந்துக் கடைப் பையில் பிரசாதம் கொடுக்கிறாள் என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். காளிராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மனைவி பேச்சியம்மாளுக்கு மார்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்து கீமோ ஏறிக்கொண்டிருக்கிறது என்றார். முன்பு வேலை பார்த்த இடத்தில், அம்மாவுக்கு முடியவில்லை என்று உண்மையைச் சொல்லிப் போய்விட்டுத் திரும்பினால், அவருடைய மிஷினில் வேறொருவர் நின்றாராம். அதிலிருந்து உண்மை என்றாலே பயம். இப்போது அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டில். புருஷனுக்கு வேலை போய்விடும் என்று நினைத்து, பாதி மருந்தோடு நிறுத்திக்கொள்ளப் போவதாகப் பேச்சியம்மாள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாதியில் நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டித்திருக்கிறார். போர்டில் எழுதிப் போட்டது யாருக்காக என்று எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் அவரே மெதுவாகச் சொன்னார்.

"முழுசா பொய் இல்லக்கா. அவ தலையில இப்ப முடியே கிடையாது. மொட்டைதான்."

மிஷினில் போட்ட துண்டு

சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொண்டு மருந்து முடிகிறவரை பக்கத்தில் இருங்கள் என்றேன். மாட்டேன் என்றார். அண்ணாச்சியே வந்து சொன்னார். அதற்கும் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு மிஷினைப் பார்த்தார். அவருக்குச் சம்பளம்கூட இரண்டாம் பட்சம், அந்த மிஷின் தன்னுடையதாகவே இருக்க வேண்டும். வாய் வார்த்தையை அவர் எப்படி நம்புவார், ஒரு முறை சூடு பட்டவர்.

எங்கள் ஃபோர்மேன் தங்கவேல் அண்ணன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நின்றார். அதட்டலைத் தவிர வேறு பாஷை தெரியாதவர். நேராக வந்து காளிராஜின் தோளில் கிடந்த துண்டை உருவினார். கொண்டுபோய்ப் பஞ்சிங் மிஷினின் தலைமாட்டில் போட்டு, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு முடிச்சும் போட்டார். மாற்று ஆள் யார் வந்து ஓட்டினாலும் அந்தத் துண்டில் கை வைக்கக் கூடாது என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார். பிறகு காளிராஜைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏலே, சாத்தூர் பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டா இடம் நிக்குதுல்ல, நம்ம மிஷின்ல நிக்காதாலே? போயி பொண்டாட்டியப் பாரு."

வீட்டில் உள்ளவர்

காளிராஜ் சம்பளத்தோடு லீவில் போனதும், அடுத்த மாதச் சம்பளமும் ஒழுங்காக ஏறியதும் தெரிந்துபோயின. அது கடைசிச் சம்பளம் அல்ல என்று ஊருக்கே விளங்கிவிட்டது. பிறகு என்ன, என் மேஜைக்கு உண்மையாக வந்து கொட்ட ஆரம்பித்தது. பொய்க்குப் பழகிய காதுக்கு அதுவும் கொஞ்சம் கஷ்டம்தான்.

செல்லத்தாய் ஒரு நாள் சோகமாக வந்து நின்றாள். வீட்டில் தலைப்பிரசவம், ரொம்ப மோசமாக இருக்கிறது, பக்கத்தில் இருந்து பார்க்க ஆளில்லை என்றாள். அவளுக்குக் கல்யாண வயதில் பிள்ளைகள் இல்லையே என்று எனக்குச் சந்தேகம். யாருக்குப் பிரசவம் என்று துருவிக் கேட்டதில், பசுமாட்டுக்கு என்று வந்தது. அந்தச் சம்பளம் மனிதர்களுக்குத்தான் என்று சொல்லி, சாதாரண லீவு கொடுத்து அனுப்பினேன். பிறகு தூக்குச்சட்டி நிறைய சீம்பால் வந்தது, அதைக் குடித்தது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் தூக்கை மேஜையில் வைத்த கையோடு அவள் ஒரு நியாயமும் கேட்டாள்.

"வீட்டுல உள்ளவுகளுக்குன்னுதானக்கா போர்டுல போட்டிருக்கீக. அது எங்க வீட்டுல இல்லாம உங்க வீட்டுலயா இருக்கு?"

டை போட்ட வெண்டைக்காய்

தங்கவேல் அண்ணனும் நானும் ஆமத்தூருக்குப் பேச்சியம்மாளைப் பார்க்கப் போனோம். தலையில் ஒரு பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் சாய்ந்தபடி, அடுப்படியில் நின்ற புருஷனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள். முகம் வாடித்தான் இருந்தது, குரல் வாடவில்லை. மருந்தை நிறுத்தும் பேச்சு இப்போது இல்லை என்று முதல் வேலையாகச் சொன்னாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

காளிராஜ் எங்களுக்குச் சோறு போட்டார். வெண்டைக்காய்ப் பொரியல், டை போட்டு வெட்டிய அட்டை மாதிரி இருந்தது. ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. தங்கவேல் அண்ணன் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வேஸ்ட் இல்லை என்று பாஸ் போட்டார். மகளுக்குப் போட்ட இரட்டைச் சடையும் அப்படித்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் இறங்கி முடிகிறவரை அவர் என்ன செய்வார் என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். சொல்லும்போது அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"சும்மா உக்காந்திருப்பாருக்கா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நாங்க ரெண்டு பேரும் இம்புட்டுப் பேசுனதே இல்ல. இன்னும் ரெண்டு டிரிப்ஸ் கூடப் போட்டாலும் பரவாயில்லன்னு இருக்கு."

காய்ச்சல்

மருந்து எல்லாம் முடிந்தது. கட்டி இருந்த சுவடு இல்லை, குறிப்பிட்ட நாளில் வந்து காட்டினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காளிராஜ் வேலைக்குத் திரும்பிய அன்று, மிஷினில் துண்டு போட்டது போட்டபடி இருந்தது. அழுக்கேறிக் கறுத்துப் போயிருந்ததைத் தோளில் போட்டுக்கொண்டு, அன்றைக்கு முழுவதும் அட்டை வெட்டினார்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு நாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, காய்ச்சல், லீவு வேண்டும் என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. காய்ச்சல் என்றால் திருவிழா. ஆனால் அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் எங்கும் திருவிழா இல்லை. பேச்சியம்மாளுக்கு மறுபடியும் ஏதாவதா என்று கேட்க நாக்கு எழவில்லை. கொடுத்தேன். மறுநாள் முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை, ஷிப்ட் மணி அடிக்கும் முன்பே வந்துவிட்டார். தலையில் ஒரு முடி இல்லை. வழித்த தலை நிறைய சந்தனம். பின்னாலேயே பேச்சியம்மாள், கையில் சர்க்கரைப் பொங்கல் தூக்கோடு. அவள் தலையில் கட்டு இல்லை. பள்ளிக்கூடப் பையன் கிராப்பு மாதிரி கருகருவென்று முடி முளைத்து, அதில் வம்பாக ஒரு முழம் மல்லிகையைக் கிளிப் போட்டு நிறுத்தியிருந்தாள். தங்கவேல் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். செல்லத்தாய் குலவையே போட்டுவிட்டாள். அண்ணாச்சி கண்ணாடியைத் தேடினார், அது கையிலேயே இருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நிஜமான மொட்டைக்கு மொட்டை என்றே கேட்டிருக்கலாமே, காய்ச்சல் என்று சொல்லி என் உயிரை எடுக்க வேண்டுமா என்று சண்டைக்குப் போனேன். காளிராஜ் சந்தனத் தலையைத் தடவிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பல்லைப் பார்த்தேன்.

"மொட்டைன்னு சொன்னா நீங்க நம்பவாக்கா போறீக? காய்ச்சல்தான், அடிச்ச காய்ச்சல்ல எனக்கு முடி எல்லாம் கொட்டிருச்சு."

இப்போதெல்லாம் யாராவது காய்ச்சல் என்று வந்தால் எந்த ஊர்க் கோயில் என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறேன், மொட்டை என்று வந்தால்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு முதலில் உட்காரச் சொல்கிறேன்.