கெர்லிண்டா தீர்ப்புச் சொன்ன இரும்புச் சிலுவை

ரெம்பாக்கில் யார் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். டப்பாவுக்குள் ஒரு பதக்கம். பதக்கத்துக்கு ஒரு வீரக்கதை. அந்தக் கதைக்கு எமன் கெர்லிண்டா பவுலி.

முப்பத்துநாலு வருஷம் பொய்ப்பல் செய்து பிழைத்தவள் அவள். வாய்க்குள் போகிற தங்கத்தில் ஏமாறாதவள் மார்பில் தொங்குகிற இரும்பிலா ஏமாறப்போகிறாள் என்று ஊரே நம்பியது. அவள் புருஷன் தேயோ ஒருமுறை பழைய சாமான் சந்தையில் ஐந்து இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கி வந்தான். அதில் மூன்று போலி. அந்தக் கோபத்தில் பதக்கங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவள், தேயோ போய்ச் சேர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை, சந்தையில் சாசேஜ் கடைக்குப் பக்கத்தில் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்துவிடுவாள். மேஜைமேல் ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, கள்ளநோட்டு பிடிக்கிற ஊதா விளக்கு. கைசர் மன்னர் காலத்துக்குப் பிந்திய எதையும் தொடமாட்டாள்.

“ஹிட்லர் காலத்துச் சாமான என் மேஜைல வெக்காதீங்க. போலின்னா கேவலம். அசல்னா அதவிடக் கேவலம்.”

கசாப்புக்கடை குனிபெர்ட், தன் பாட்டனார் நெப்போலியனோடு மோதியவர் என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டே கறி வெட்டியவர். சிலுவையில் 1813 என்று போட்டிருக்கிறதே! கெர்லிண்டா வாங்கி, தோசையைத் திருப்புவது போலத் திருப்பினாள். மறுபக்கம் 1914.

“இது முதுகுப்பக்கம் குனிபெர்ட். 1813 இந்த விருது பொறந்த வருஷம். இந்த வகைச் சிலுவை எல்லாத்துக்கும் முதுகுல அதுதான். உங்க பாட்டனார் சண்டைக்குப் போறப்ப நெப்போலியன் செத்துத் தொண்ணூத்திமூணு வருஷம் ஆச்சு.”

வெளியூர் வியாபாரி ஒருவன் புதுச் சிலுவைகளை முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடியில் ஊறவைத்துப் பழசாக்கிக் கொண்டுவந்தான். அவள் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை; மோந்து பார்த்தாள். “ரெண்டு உருளைக்கிழங்கு வேகவச்சா மத்தியானச் சாப்பாடு ஆச்சு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்படிப்பட்டவளைத்தான் ஊர்த் துப்பாக்கி சுடும் சங்கத் தலைவர் பல்டுவின் குரோப்பாக் கூட்டத்துக்கு அழைத்தார். சங்கத்துக்கு நூற்றைம்பதாவது ஆண்டு. தன் கொள்ளுத்தாத்தாவின் இரும்புச் சிலுவையைக் கண்ணாடிப் பெட்டியில் விழா மேடையில் வைக்க ஏற்பாடு. அதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத்தான் கெர்லிண்டாவைக் கூப்பிட்டார். அவளோ சோதிக்கக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டாள்.

காப்பியும் பிளம் கேக்கும் பரிமாறிக்கொண்டிருந்தபோது காந்தத்தை எடுத்தாள். உள்ளே இரும்பு இருக்கிற சிலுவை காந்தத்தைக் கண்டால் தாவும். இது ஒட்டாமல் வழுக்கி, தலைவரின் தட்டில் இருந்த கிரீமில் போய் விழுந்தது. சபை சிரித்தது. திரையை இழுத்துவிட்டு ஊதா விளக்கைப் போட்டாள். அந்த விளக்கில் புதுத் துணிதான் மின்னும்; சிலுவையின் பழைய பருத்தி ரிப்பன் இருட்டில் அடங்கிக் கிடக்க வேண்டும். இதுவோ கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. சபை மேஜையைத் தட்டியது.

“அது என் கொள்ளுத்தாத்தா மார்புல இருந்தது!” என்றார் பல்டுவின். காது இரண்டும் பீட்ரூட் ஆகியிருந்தன.

“மார்பு அசலா இருக்கலாம் தலைவரே. சிலுவை போலி.”

செவ்வாய்க்கிழமை காலை அவள் வீட்டுக் கதவு இடிபட்டது. பல்டுவினின் மனைவி ரோஸ்விதா. கெர்லிண்டாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். ஒரு கையில் சிலுவை, மறுகையில் சலவைத்தூள் பொட்டலம். இரண்டையும் மேஜையில் வைத்தாள்.

“அந்த மனுஷன் மூணு நாளா முட்டைகூடத் தொடலடி. சுவரப் பாத்துப் படுத்துக் கெடக்காரு. பாவம் என்னோடது.”

“நீ என்ன பண்ணின?”

“வருஷா வருஷம் திருவிழாவுக்கு முன்னாடி அந்த ரிப்பன அவரு வெள்ளச் சட்டையோட ஊறப்போட்டு அலசிருவேன். புகையில நாத்தம் தாங்கல.”

“சிலுவையோடயா?”

“கழட்டிட்டுத்தான்! நான் என்ன காட்டுமிராண்டியா?”

கெர்லிண்டா ஜன்னலைச் சாத்தி விளக்கைப் போட்டாள். சலவைத்தூள் ஜொலித்தது. அவள் கைத்துண்டு ஜொலித்தது. சட்டைக் காலரும் ஜொலித்தது. அந்தக் கணக்கில் அவளும் போன மாதம் செய்த போலிதான்.

சங்கத்தில் எடுக்காத பூதக்கண்ணாடியை இப்போது எடுத்தாள். விளிம்பு இரண்டு பாதியாகச் செய்து பற்றவைத்தது. முடியளவு தையல் தெரிந்தது. வளையத்தில் செய்தவரின் கடுகளவு முத்திரை. ஒரு மூலையில் கறுப்புச் சாயம் பெயர்ந்து, அடியில் மஞ்சளாக மின்னியது. பித்தளை! காந்தம் ஒட்டாததும் அதனால்தான். துருப்பிடிக்காமல் இருக்கச் சிலதைப் பித்தளையில் செய்தார்கள் என்று படித்திருக்கிறாள், கையில் பிடித்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அசல்டி ரோஸி. நான் பாத்ததுலயே அபூர்வமானது. அன்னிக்கு நான் கண்ணாடிய எடுக்கவே இல்ல. எல்லாரும் சிரிச்சாங்க, அதுல மயங்கிட்டேன்.”

“அத மேடைல ஏறிச் சொல்லு. ஆனா சலவைத்தூள் பேச்ச எடுத்த, ஸ்கூல்ல நீ பரிட்சைல காப்பியடிச்சத நான் எடுப்பேன்.”

விழா நாளில் கெர்லிண்டா மேடையேறினாள். “நான் தப்பாச் சொல்லிட்டேன். சிலுவை நூத்துக்கு நூறு அசல். தலைவர்கிட்டயும் அவர் கொள்ளுத்தாத்தாகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.”

“அப்ப ரிப்பன் ஏன் ஜொலிச்சுது?” என்று பின்வரிசையிலிருந்து கத்தினார் குனிபெர்ட். அவருக்குப் பழைய கணக்கு பாக்கியிருந்தது.

கெர்லிண்டா ரோஸ்விதா பக்கம் பார்த்தாள். “அது... அந்தக் குடும்பம் ரொம்பச் சுத்தமான குடும்பம்.”

பல்டுவின் எழுந்து நின்று நெஞ்சை நிமிர்த்தினார். “மூணு தலைமுறையா!” கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. ரோஸ்விதா மட்டும் குனிந்து கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அபராதமாக, விழாவில் ஊர்மக்களுக்கான சுடும் போட்டியில் அவளும் ஒரு குண்டு சுட வேண்டும் என்றார்கள். கம்பத்து உச்சியில் குறியாகக் கட்டிய மரப்பறவையின் கடைசித் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல சுடுநர்கள் பதினோரு பேர் தவறவிட்ட துண்டு. கெர்லிண்டா இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு விசையை அழுத்தினாள். துண்டு பொத்தென்று விழுந்தது. வாத்தியக்காரர்களுக்கே ஒரு கணம் ஊத மறந்துபோயிற்று.

கடைசித் துண்டை வீழ்த்துகிறவர்தான் போட்டியின் ராஜா; அந்த மாலைக்கு அவள்தான் ராணி. சங்கத்தின் பெருமையான வெள்ளிச் சங்கிலியைப் பல்டுவினே அவள் கழுத்தில் போட்டார். ஒவ்வொரு வருஷ ராஜாவும் ஆளுக்கொரு வெள்ளித் தகடு கோத்துவந்த சங்கிலி. பழக்கதோஷம், விரல் தானாகத் தகடுகளைத் தடவியது. நகத்தால் ஒன்றைச் சுரண்டினாள். தகரம். அடுத்தது தகரத்துக்கு முலாம். அதற்கடுத்தது பல்டுவின் ராஜாவாக இருந்த வருஷத்துத் தகடு, அலுமினியம்.

நிமிர்ந்தாள். பல்டுவின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுகள் மறுபடி சிவக்கத் தொடங்கியிருந்தன.

“எப்படி இருக்கு?” என்றார் மெதுவாக.

“கனமா இருக்கு தலைவரே” என்றாள் கெர்லிண்டா. “அணிவகுப்பு எப்ப கிளம்புது?”