ஏழுமலை அண்ணன நடக்க வெச்ச கதை

பொம்மைய நடக்க வெக்கிற தொழில்ல, தலைய உடம்போட கட்ட மறந்துட்டா உடம்பு பாட்டுக்கு கெளம்பிடும், தலை அங்கியே நிக்கும். எனக்கு அது நடந்தது ராயபுரத்துல நான் வேல பாக்கற பேனர் கடையில, செத்தவரு பொண்டாட்டி முன்னாடி.

(பிரிண்டிங் மெஷின் ஓடிகினு கீது, அந்த கேப்புல நம்ம அனிமேஷன் கத்துக்கற குரூப்புல இத டைப் பண்றேன். ரோல் மாட்ட கூப்டா பாதியில ஓடிடுவேன், கண்டுக்காதீங்க.)

தலை

அவங்க பேரு தேசம்மா அக்கா, திருவொற்றியூர் குப்பம். வூட்டுக்காரரு ஏழுமலை, போட் டிரைவரு, போன வருஷம் கடல்ல போய்ட்டாரு. மொத வருஷ நினைவஞ்சலிக்கு எல்லாரும் பேனர்தான் அடிப்பாங்க. நான்தான் ஆர்வக்கோளாறுல, "பேனர் இன்னாத்துக்குக்கா? அண்ணன நடக்கவே வெச்சிடறேன், தெருவுல எல்இடி ஸ்கிரீன்ல போட்டுக்கலாம்"னு வாய குடுத்துட்டேன். அனிமேஷன் கத்துக்க ஆரம்பிச்சி ரெண்டு மாசம்கூட ஆவல! அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சி. அவரு வூட்டுக்கு நடந்து வரணும்.

மொத டெமோ. கை, காலு, தலைன்னு தனித்தனி லேயரா வெட்டி, ஒண்ண இன்னொண்ணோட கட்டணும். டுடோரியல் பாத்து சாவற நம்ம ஆளுங்களுக்கு இது தெரியும். ஓட்டிக் காட்ட ஸ்பேஸ் பார தட்டினேன். உடம்பு ஜோரா நடந்து போவுது. தலை மட்டும் நடு ஸ்கிரீன்ல சிரிச்சிகினே நிக்குது. அக்கா முந்தானைய வாயில வெச்சிகினு பாத்துச்சி. அப்புறம் சொல்லிச்சி: "கடல்ல தேடி அவர முழுசா எடுத்தாரவே மூணு நாளு ஆச்சி தம்பி. நீ வேற பிரிக்காத."

காலு

அண்ணனுக்கு முழு போட்டோவே கெடையாது. கீறது ஒண்ணு, யாரு கல்யாணத்துலயோ பந்தியில குந்திகினு எடுத்தது. இடுப்புக்குக் கீழ வாழ இலையும் மேஜையும்தான். சரி, காலு எல்லாருக்கும் ஒரே மாதிரிதானன்னு நெட்லேர்ந்து ரெடிமேட் காலு ஒரு ஜோடி எடுத்து மாட்டினேன். ரெண்டு நாளு முட்டி கொக்கு மாதிரி பின்னாடி மடங்கிச்சி. மூணாவது நாளு சரியா வளஞ்சிதா, எனக்கு செம்ம குஷி! அண்ணனோட தம்பி முத்து வந்தாரு. குனிஞ்சி உத்துப் பாத்தாரு. "இன்னா மாமு, எங்கண்ணன் பொறந்ததுலேர்ந்து செருப்பே போட்டதில்ல, நீ ஷூ மாட்டி ஆபீசுக்கு அனுப்பினுகீற?"

நடை

டுடோரியல்ல சொல்லிக் குடுக்கறது ஒரே நடை. நெஞ்ச நிமித்தி, கைய வீசிகினு, பஸ்ஸ புடிக்கப் போறவன் மாதிரி. வெறுங்காலு போட்டு அத காட்டினேன். அக்கா இல்லன்னு தலைய ஆட்டுச்சி. வலை இழுத்து இழுத்து அண்ணனுக்கு வலது தோளு கொஞ்சம் ஏறியே நிக்குமாம். தரையிலயும் போட்டுல நிக்கறாப்ல காலை அகட்டித்தான் வெப்பாராம். இத எந்த டுடோரியல்ல போயி தேடறது?

காசிமேடு ஹார்பருக்குப் போனேன். போட்டுலேர்ந்து எறங்கறவங்க காலையெல்லாம் போன்ல வீடியோ புடிச்சிகினு இருந்தேன். ஓரமா வலை தச்சிகினு இருந்த ஒரு பெருசு ஊசிய நிறுத்திட்டு என்னப் பாத்தாரு. "இன்னா நைனா, காலையே புடிச்சிகினு கீற, எங்க மூஞ்சிங்கலாம் அவ்ளோ கலீஜாவா கீது?"

தோளு

காலு வந்துச்சி. இப்ப வலது தோள தூக்கணும். தூக்கினா கை கழண்டு தனியா பறக்குது. கைய கட்டினா கழுத்து இழுத்துக்குது. நினைவஞ்சலிக்கு ரெண்டே நாளு. எங்க ஓனர் அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரரு, பின்னாடி நின்னு கொஞ்ச நேரம் பாத்தாரு. "ஏல, கும்புட்ட கையோட ஒரு பேனர் அடிச்சமா குடுத்தமான்னு இல்லாம, செத்த மனுசன போட்டு இந்தப் பாடு படுத்துதியே!"

மூஞ்சி

ஆனா தோளு நின்னுச்சி. சாமி சத்தியமா நின்னுச்சி! ஞாயித்துக்கெழம சாயங்காலம், தெரு முனையில ஸ்கிரீன். மாலை போட்ட போட்டோ, ஊதுவத்தி, குப்பம் பூரா சேர்ல குந்திகினு கீது. அண்ணன் வந்தாரு. வெறுங்காலு, அகட்டின நடை, வலது தோளு ஏறி. "டேய், ஏழுமலைதாண்டா!"ன்னு பின்னாடி யாரோ கத்தினாங்க. முத்து அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. எனக்கு ஒரே பெரும.

அண்ணன் இடப்பக்கத்துலேர்ந்து வந்தாரு, வலப்பக்கம் போயிட்டாரு. நாம கத்துக்கற மொத நடையே பக்கவாட்டு நடைதான, அப்டியே செஞ்சி வெச்சிட்டேன். நேரா நம்மள பாத்து வரணும்னா எல்லாத்தையும் புதுசா வரையணும், அது எனக்கு வராது. அக்கா கேட்டது வூட்டுக்கு வர்ற நடை, இது இல்லன்னு எனக்கு அப்பகூட தோணல. லூப்ல போட்டிருந்தாங்க. திரும்பத் திரும்ப வந்தாரு, யாரையும் பாக்காம தாண்டிப் போனாரு. அக்கா ஸ்கிரீனோட வலது ஓரத்தையே பாத்துகினு இருந்துச்சி. நாலாவது வாட்டி அவரு போனதும் என் பக்கம் திரும்பிச்சி.

"எல்லாம் அவரேதான் தம்பி. ஆனா எங்க போறாரு?"

தலைய கட்டிட்டேன், முட்டிய மடக்கிட்டேன், தோளக்கூட தூக்கிட்டேன், மூஞ்சிய வூட்டுப் பக்கம் திருப்பத்தான் இன்னும் கத்துக்கினு கீறேன், உங்கள்ல யாருக்காச்சும் இப்டி ஆயிருக்கா?