ஷெரீஃப் பாய்

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் அறையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தார், சித்தப்பா இருந்தார், நான் இருந்தேன். பெரியப்பா மட்டும் இல்லை. படம் பார்க்கலாம் என்று எங்களையெல்லாம் கூட்டிவைத்தவரே அவர்தான்.

தோஹாவின் நஜ்மா பகுதியில் பழைய வில்லா ஒன்றைப் பலகையடித்துப் பிரித்த அறைகளில் ஒன்று எங்களுடையது. அப்பா மளிகைக்கடை வேன் ஓட்டினார். பெரியப்பா கட்டட வேலையில் ஃபோர்மேன். தொழில்பேட்டை கேம்பில் சித்தப்பாவோடு தங்கியிருந்தார். வெள்ளிதோறும் இருவரும் எங்களோடு சாப்பிட வருவார்கள். அந்த வாரம் பெரியப்பாவுக்கு ஓவர்டைம் விழுந்துவிட்டது. வாடகைக்கு எடுத்த சிடியைச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்பி, மதியத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

பழைய கௌபாய் படம். கேம்பில் பாதி பார்த்துக்கொண்டிருக்கும்போதே டியூட்டி பஸ் வந்துவிட்டதால், மீதியைத் தெரிந்துகொள்ளாமல் பெரியப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதில் வரும் போலீஸ்காரன் துப்பாக்கி வைத்துக்கொள்ள மாட்டான். கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு பாலைவன வெயிலில் திருடனைத் தேடிப் போவான். அகப்பட்டவனுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பான். பிறகு அவனையும் குடைக்குள் சேர்த்துக்கொண்டு ஜெயிலுக்கு நடப்பான். ஊரே பார்த்துச் சிரிக்கும். எல்லாரும் அவனை ஷெரீஃப், ஷெரீஃப் என்று அழைத்ததால் அதுதான் பெயர் என்று முடிவுகட்டிய பெரியப்பா, மரியாதைக்கு ஒரு பாயும் சேர்த்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முந்தின வெள்ளியன்று அவர் பாதிக் கதையைச் சொன்னபோது, அது பெயரில்லை, உத்தியோகம் என்று திருத்தினேன்.

"இருக்கட்டும்டா. உத்தியோகத்துல இருக்கவுக பாயா இருக்கக் கூடாதா?" என்றார்.

அவருடைய ஆட்கள் அவரையே ஷெரீஃப் பாய் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். 'யல்லா, யல்லா' என்று விரட்டத் தெரியாத ஃபோர்மேன் அவர். வெயில் ஏறினால் ஆட்களை நிழலுக்கு அனுப்பிவிட்டு, மிச்ச வேலையைத் தானே இழுத்துப்போட்டுச் செய்வதாகச் சித்தப்பா குறைபட்டுக்கொள்வார்.

சித்தப்பா கோழி நறுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்து வெளியே போனவர் திரும்பிவந்து மறுபடியும் கத்தியை எடுக்கவில்லை.

"யாருடா? அண்ணன் கெளம்பிட்டாகளாமா?" என்றார் அப்பா.

"வருவாக. நீங்க படத்தப் போடுங்கண்ணே."

"கதை சொல்ல ஆளு வேணாமா?"

"நான் சொல்றேன்."

சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் சுத்தமாக வராது. ஆனாலும் சொன்னார். பேங்க் முதலாளியை, விசா கொடுத்து ஆளெடுக்கும் கஃபீல் ஆக்கினார். திருடர்கள் அவரிடம் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்கள் ஆனார்கள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்தப் பொம்பள இம்புட்டு நேரம் பேசுது, நீங்க ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டீகளே?" என்றார் அம்மா.

"மீன் கொழம்பு எப்படி வைக்கிறதுன்னு சொல்லுது மதினி. ஒங்களுக்குத் தெரிஞ்சதுதானே."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தப்புத் தப்பாகச் சொல்கிறாரே என்று எனக்குத்தான் பொறுக்கவில்லை.

கடைசியில் ஷெரீஃபைச் சுட்டுவிட்டார்கள். குடை மணலில் உருண்டு போனது.

"ஒண்ணுமில்ல, மயக்கந்தான். தண்ணி தெளிச்சா எந்திரிச்சிருவாரு."

"இல்ல சித்தப்பா, செத்துட்டார். டாக்டர் சொல்றார்ல."

"எந்திரிப்பாரு. பாரு."

"டெட்னா செத்துட்டார்னு அர்த்தம் சித்தப்பா. ஒங்களுக்குத் தெரியாது."

பளீரென்று கன்னத்தில் விழுந்தது. அதுவரை என்னை அதட்டிக்கூடப் பேசாதவர்.

"படத்துல ஒருத்தன் செத்ததுக்கா பிள்ளைய அடிக்கிற?" என்று அப்பா கத்தினார். அப்போது போன் மறுபடியும் அடித்தது. சித்தப்பா எடுக்கவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. அப்பாதான் அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தார்.

சைட்டில் பெரியப்பா சுருண்டு விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்பதுதான் முதல் போனில் வந்த செய்தி. அதை நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சரியாகச் சொன்னதற்கு அடி வாங்கினேன் என்பதுதான். அழுகையோடு அழுகையாக அதற்கும் சேர்த்து அழுதேன்.

பெரியப்பாவைக் கம்பெனியே பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பியது. அப்பா கூடப் போனார். அவர் திரும்பி வந்த வாரம் சிடி கடைக்காரர் ஆள் அனுப்பினார். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார், சிடியை எடுத்துக்கொள்ளாமல். தொலைந்துவிட்டதா என்று கடைக்காரர் கேட்டார். இல்லை, வீட்டிலேயே இருக்கட்டும், விலையைச் சொல்லுங்கள் என்றார் அப்பா. கொத்தமல்லிக் கட்டுக்குக்கூடப் பேரம் பேசுகிறவர், கடைக்காரர் கேட்டதை அப்படியே எடுத்து வைத்தார்.

இனிமேல் யாரும் போட்டுப் பார்க்கப்போவதில்லையே, அதற்கு எதற்கு நாற்பது ரியால் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.