துருப்பிடித்த டிரம்மும் நாலு வாளி உறையும்

கறுப்புப் பெயின்ட் பூசிய அந்த இரும்பு டிரம்மில், இடுப்பு உயரத்தில் ஒரு வெல்டிங் தழும்பு சுற்றி ஓடும். எங்கள் சூப்பர்வைசர் சார் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்ற மதியம் எனக்கு அப்படியே ஞாபகமிருக்கிறது. சோப்பு நுரையைத் தழும்பு முழுக்கப் பூசி, காற்று கசிந்து எங்காவது குமிழி வருகிறதா என்று மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். வரவில்லை. "புதுசு தோத்துடும் போம்மா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் மகளை மெச்சிக்கொள்ளும் அப்பா தோற்றார் போங்கள்.

எண்பதுகளின் நடுவில், தருமபுரியில் சாண எரிவாயுக் கலன் கட்டித் தரும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் வேலை பார்த்தேன். கலன் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வட்டமான குழியில் சாணியைக் கரைத்து ஊற்றி, மேலே டிரம்மைக் கவிழ்த்து மிதக்கவிட்டால், உள்ளே ஊறும் வாயு குழாய் வழியாக அடுப்புக்குப் போகும். வடியும் கரைசல் வயலுக்கு உரம். வீடு வீடாகப் போய் இதைப் புரியவைப்பதுதான் என் உத்தியோகம். வாய் இருக்கிறது என்றுதான் என்னை எடுத்தார்கள் என்று சார் கிண்டல் செய்வார்.

வில்லங்கம் டிரம்மில்தான் இருந்தது. சில வருஷத்தில் அடிப்பாகத்தைத் துரு அரித்துவிடும். அப்படித் திரும்பி வந்த பதினோரு டிரம்கள் கொட்டகையில் கிடந்தன. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் முதலாளி. சார் விடவில்லை. அரித்ததை வெட்டி எறிந்து நல்ல தகட்டை ஒட்டவைத்தால், இரண்டு மூன்று மாடு வைத்திருக்கும் ஏழை வீட்டுக்குப் பாதி விலையில் கொடுக்கலாம் என்று மல்லுக்கு நின்றார். "ஒண்ணு செஞ்சு காட்டுறேங்க. எரியலைன்னா டிரம்மோட சேர்த்து என்னையும் அனுப்பிடுங்க" என்று சொல்லியும் விட்டார். மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த மனுஷன்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு ஊரில், இரண்டு பசுவும் ஒரு எருமையும் வைத்திருந்த அக்கா ஒருத்தி ஒட்டுப்போட்ட அந்த முதல் டிரம்முக்குச் சம்மதித்தாள். முதலாளி பார்க்க வர இருபது நாள்தான் இருந்தது. அதற்குள் வாயு பிடிக்க வேண்டுமானால், ஓடிக்கொண்டிருக்கும் கலனிலிருந்து நாலு வாளி பழைய கரைசல் எடுத்துப் புதுக் குழியில் ஊற்ற வேண்டும். அந்த ஊரில் கலன் இருந்தது எதிர்வீட்டு அம்மாவிடம் மட்டும். அவரிடம் பேசப் போனவள் நான்தான். பாலில் உறைமோர் ஊற்றுகிற மாதிரிதான், உங்கள் வீட்டு உறையைக் கொஞ்சம் கொடுங்கள் என்று அழகாக விளக்கினேன். அந்த அம்மாவுக்கு உடனே புரிந்தது. ரொம்ப நன்றாகவே புரிந்துவிட்டது.

"இன்னிக்கு வெள்ளிக்கெழமைம்மா. வெள்ளிக்கெழமை வூட்டுல இருந்து உறை குடுப்பாங்களா? லட்சுமி கூடவே போயிடுவா."

நாளைக்கு வரட்டுமா என்றேன். சனிக்கிழமை ஆகாதாம். ஞாயிறு அமாவாசையாம். திங்கள் பாட்டிமை, எதுவும் கொடுக்கக் கூடாதாம். செவ்வாய் என்றால் பேச்சே வேண்டாமாம். எண்ணிப் பார்த்தால் ஐந்து நாள் போய்விடும். இது சாணிக் கரைசல்தானேங்க என்று மன்றாடினேன். "நீதானம்மா உறைன்னு சொன்னே" என்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வெளியே வந்து சாரிடம் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

சங்கதியைக் கேட்ட அக்கா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். ஒரு கூடை நிறையப் பச்சைச் சாணியை அள்ளி, அதன் மேல் குங்குமம் வைத்து, ஒரு செம்பருத்தியும் செருகி, எதிர்வீட்டு வாசலுக்கு நடந்தாள்.

"இந்தாங்க பெரியம்மா. எங்க வூட்டு லட்சுமி மொதல்ல உங்க வூட்டுக்கு வந்தாச்சு. இப்ப இது நீங்க குடுக்கறது இல்ல, நாம மாத்திக்கிறது."

பெரியம்மா கூடையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சாணியைத் தன் குழியில் கொட்டச் சொல்லிவிட்டு, நாலுக்கு ஐந்து வாளியாக மொண்டு கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் அதுவே முறையாகிப் போனது. உறை வாங்குகிற வீடு முதலில் சாணி கொண்டுபோக வேண்டும்.

இப்போது சோலார் கம்பெனி ஒன்றில் இருக்கும் என் மகள், பழைய தகடுகளைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துவதற்குச் 'சுழற்சிப் பொருளாதாரம்' என்று பெயர் சொல்கிறாள். அதற்கென்று தனிக் கூட்டமெல்லாம் போடுகிறார்கள். எங்களுக்கு அந்தப் பேரே தெரியாது. சாருக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது, அவ்வளவுதான்.

முதலாளி வந்த அன்று டிரம் நன்றாக உயர்ந்து நின்றது. அக்கா அடுப்பில் பால் பாத்திரத்தை வைத்து, குழாயைத் திறந்து தீக்குச்சி கிழித்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் வெயில் நேராக அடுப்பில் விழுந்துகொண்டிருந்தது. சார் முகம் செத்துப் போனது. முதலாளி மெதுவாகச் செருப்பைத் தேடினார். "இருங்க மொதலாளி" என்று அக்கா பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பால் ஓரத்தில் நுரைத்தது, ஏறியது, பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் ஓடியது. பகல் வெளிச்சத்தில் அந்த நீலத் தீ கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி அந்தப் பாலை ஒரு டம்ளர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சாரைப் பார்த்து, "அடுத்த டிரம் எந்த ஊருக்குப் போகுது?" என்று கேட்டார்.

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார்.

"கம்பைநல்லூருக்குங்க" என்று நான்தான் சொன்னேன்.