மரியதாஸ் அண்ணையின் திராட்சைப் பந்தல்

ஒக்டோபர் முடிகிறது. கனடாவில், மொன்றியல் நகருக்கு ஆற்றின் மறுகரையிலுள்ள புரோசார்டில் மரியதாஸ் அண்ணையின் பின்வளவில் காது விறைக்க நிற்கிறேன். அவர் ஏணியில் ஏறி, பந்தலில் படர்ந்த திராட்சைக் கொடிக்குப் பழைய குளிர் ஜாக்கெட்டைச் சுற்றிக் கட்டுகிறார். யாழ்ப்பாணத்தில் போட்ட அதே உயரப் பந்தல். மூன்று வருடமாக ஒவ்வொரு பனிக்காலமும் கொடி அடிவரை கருகுகிறது. வசந்தத்தில் தளிர்க்கிறது, ஒரு குலைகூடக் காய்ப்பதில்லை. நத்தார்ப் பண்டிகைக்குச் சொந்த வைன் தருவேன் என்று மாதா கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்தவர்.

பக்கத்து வீட்டு இத்தாலியர் தன் கொடிகளை நிலத்தில் படுக்கவைத்து மண்ணால் மூடுவது வேலிக்கு மேலால் தெரிகிறது. எனக்கு எரிச்சல் வருகிறது.

“அண்ணை, அந்தாளைப் பாத்தும் விளங்கேல்லையோ? மண்ணுக்குள்ள குளிர் ஏறாது. இறக்கிப் புதையுங்கோ.”

“பந்தல் இல்லாத கொடியை எங்க கண்டனீர்?”

“உங்கட பந்தலில பழத்தை எங்க கண்டனீங்கள்?”

அவர் ஜாக்கெட்டை அவிழ்த்துக்கொண்டு ஏணியால் இறங்குகிறார். இந்த வருடம் முளைத்த இளந்தண்டு இன்னும் வளைகிறது. பந்தலிலிருந்து பிரித்து நிலத்தில் படுக்கவைக்கிறோம். மண்வெட்டியை எடுத்தவர் சிலுவை போட்டுக்கொள்கிறார்.

“செத்தவீடு மாதிரிக் கிடக்கு, தம்பி.”

“அது உயிரோடதான் கிடக்கு. மண்ணைப் போடுங்கோ.”